வாய்மொழியாகக் கேட்பதை எழுத்தில் கேளுங்கள்: கதிரியக்க மருத்துவர்களுக்கு ஒரு ரேடியோகிராபரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கதிரியக்க மருத்துவர்களுக்கும், உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். எக்ஸ்ரே அறையிலும் சி.டி. அறையிலும் பல வருடங்களாக வேலை பார்க்கும் ரேடியோகிராபர் நான். நீங்கள் ரிப்போர்ட் எழுதும் படங்களை எடுத்துத் தருபவர்களில் ஒருவர். இதை உங்கள் சங்கத்துக்கு மட்டும் தனிக் கடிதமாக அனுப்பியிருக்கலாம். ஆனால் விஷயம் நோயாளிகளையும் அவசரப் பிரிவு டாக்டர்களையும் என் சக ரேடியோகிராபர்களையும் சேர்த்தே தொடுகிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகுந்த மேற்படிப்பும் பயிற்சியும் பெற்ற ரேடியோகிராபர்கள், வரையறுத்த சில வகைப் படங்களுக்குத் தாங்களே ரிப்போர்ட் எழுதித் தங்கள் பெயரில் கையெழுத்துப் போட வழி செய்யுங்கள். புதிதாக ஒரு வேலையைப் பிடுங்கப் பார்க்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அந்த வேலையை இப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். எழுத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இரவுப் பணியில் நடப்பது உங்களுக்கும் தெரியும். கீழே விழுந்து மணிக்கட்டு வீங்கிய ஒருவரைப் படம் எடுக்க அனுப்புகிறார்கள். படம் திரையில் வந்ததும் அவசரப் பிரிவின் இளம் டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "முறிவு இருக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்கிறார். நாங்கள் சொல்கிறோம். அவர் மாவுக்கட்டுப் போடுகிறார், அல்லது மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார். நோயாளியின் கோப்பில் அந்த உரையாடலுக்கு ஒரு வரிகூட இடமில்லை. முறையான ரிப்போர்ட் மறுநாள் வரலாம், மூன்றாம் நாள் வரலாம், சில இடங்களில் வராமலேயும் போகலாம். ஆக, சிகிச்சையைத் தீர்மானித்தது நாங்கள் வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தை. அது சரியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. தவறாக இருந்தாலும் பல நேரம் எங்களுக்கே தெரியாது. அப்புறம் எப்படித் திருத்திக்கொள்வது?

இந்த வாய்மொழி ரிப்போர்ட்டுக்குப் பயிற்சி கிடையாது, பதிவு கிடையாது, ஆடிட் (சொன்னது சரியா என்று பிறகு மறுபடி சரிபார்ப்பது) கிடையாது, பொறுப்பேற்க ஆளும் கிடையாது. ரேடியோகிராபர் ரிப்போர்ட் எழுதினால் ஆபத்து என்று சொல்பவர்கள், ஏற்கெனவே நடக்கும் இந்த ஏற்பாட்டின் ஆபத்தைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1895 நவம்பரில் ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு வந்த முதல் சில வருடங்களில் படம் எடுத்தவர்கள் பலர் டாக்டர்களே இல்லை. புகைப்படக்காரர்கள், மின்பொறியாளர்கள், இயற்பியல்காரர்கள். படத்தில் என்ன தெரிகிறது என்றும் அவர்களே சொன்னார்கள். டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை; அந்தக் காலத்து நிலைமையில் அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. 1920இல் பிரிட்டனில் ரேடியோகிராபர்களுக்கென்று சங்கம் உருவானது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குள், டாக்டர் அல்லாதவர் தன் பொறுப்பில் ரிப்போர்ட் தரக்கூடாது என்பது அங்கே தொழில் ஒழுங்காகவே நிலைத்துவிட்டது. எடுப்பவர் வேறு, படிப்பவர் வேறு என்ற கோடு அப்படி வந்ததுதான். ஒரு காலத்தின் தொழில் பேரம் அது. அதை இயற்கை விதி மாதிரி நாம் எல்லோரும் பழகிக்கொண்டோம்.

அந்தக் கோட்டை முதலில் அழிக்கப் பார்த்தவர்கள் யார் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி. ரேடியோகிராபர்கள் இல்லை, நீங்கள்தான். 1971இல் லான்செட் இதழில் ஸ்வின்பர்ன் என்ற கதிரியக்க மருத்துவர், இயல்பான படங்களையும் இயல்பு தவறிய படங்களையும் பிரித்துச் சொல்ல ரேடியோகிராபர்களைப் பழக்கலாம் என்று எழுதினார். 1985இல் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையிலிருந்து ஒரு கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அவசரப் பிரிவில் தவறவிடப்படும் முறிவுகளைக் குறைக்க அவர்கள் செய்தது மிக எளிமையானது. படத்தில் ஏதோ சரியில்லை என்று ரேடியோகிராபருக்குத் தோன்றினால் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவிடுவார். அதைப் பார்க்கும் டாக்டர் இன்னொரு முறை உற்றுப் பார்ப்பார். அந்தப் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது.

பொட்டுக்கு ஒரு குறை உண்டு. எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்லாது. அதைவிட மோசம், பொட்டு இல்லாத படத்துக்கு என்ன அர்த்தம்? ரேடியோகிராபர் பார்த்து, எல்லாம் சரி என்று முடிவு செய்தாரா? அல்லது வேலை நெருக்கடியில் பார்க்கவே இல்லையா? இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும். இதனால்தான் பின்னாட்களில், பொட்டை விட்டுவிட்டு இரண்டு வரி குறிப்பாக எழுதுங்கள் என்று பிரிட்டனின் ரேடியோகிராபர் சங்கமே சொல்லத் தொடங்கியது. இதற்கிடையில் 1990களின் நடுவிலேயே பல்கலைக்கழகங்களில் ரிப்போர்ட் எழுதுவதற்கான முதுநிலைப் படிப்புகள் வந்துவிட்டன. கை கால் எலும்புகளில் தொடங்கி, முதுகெலும்பு, மார்பு என்று எல்லை விரிந்தது. சில இடங்களில் தலை சி.டி., முழங்கால் எம்.ஆர்.ஐ. வரைக்கும்கூடப் போயிருக்கிறது. அங்கே மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு மேமோகிராமையும் (மார்பக எக்ஸ்ரே) இரண்டு பேர் படிக்கிறார்கள். அந்த இருவரில் பயிற்சி பெற்ற ரேடியோகிராபரும் இருக்கலாம். கர்ப்பகால அல்ட்ராசவுண்டைப் பெரும்பாலும் அந்த ஸ்கேனுக்கென்றே பயிற்சி பெற்ற சோனோகிராபர்களே எடுத்து, அவர்களே ரிப்போர்ட்டும் தருகிறார்கள். டென்மார்க்கிலும் ரிப்போர்ட் எழுதும் ரேடியோகிராபர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. முழு ரிப்போர்ட் இல்லாவிட்டாலும், படத்தில் அவசரமான ஒன்றைப் பார்த்தால் உடனே உரியவருக்குத் தெரிவிப்பது ரேடியோகிராபரின் தொழில்முறைக் கடமை என்று அங்கே வைத்திருக்கிறார்கள்.

"சரி, தரம் எப்படி?" என்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சாதாரண எக்ஸ்ரேயில் ரேடியோகிராபர் எழுதிய ரிப்போர்ட்டுகள் பற்றிய ஆய்வுகளை ஒன்று சேர்த்து அலசிய கட்டுரை 2005இல் கிளினிக்கல் ரேடியாலஜி இதழில் வந்தது. கோளாறு உள்ள படங்களை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது 92.6 சதவீதம். கோளாறு இல்லாததை இல்லை என்று சரியாகச் சொன்னது 97.7 சதவீதம். பயிற்சி பெற்றவர்கள், வரையறைக்குள் எழுதியவை இவை என்பதை மறக்க வேண்டாம். எங்களில் யாரைப் பிடித்து உட்கார வைத்தாலும் இந்த எண் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வராது. அதே நேரம், ஒப்பிடும் தட்டில் இருப்பது நூறு சதவீதமும் இல்லை. உங்கள் துறையைச் சேர்ந்த கார்லண்ட் 1940களின் இறுதியிலேயே காட்டியதுதான்: அனுபவம் உள்ள கதிரியக்க மருத்துவர்களே கோளாறு உள்ள மார்புப் படங்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தவறவிட்டார்கள். படம் படிப்பது யார் செய்தாலும் வழுக்கும் வேலை.

இனி, எங்களுக்கென்று இருக்கும் ஒரு சாதகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விவாதத்தில் அது அதிகம் பேசப்படுவதில்லை.

உங்கள் திரைக்கு வரும்போது நோயாளி ஒரு பெயர், ஒரு வயது, "விழுந்துவிட்டார், முறிவா?" என்ற ஒரு வரி. எங்களுக்கு அவர் ஆளாக வருகிறார். கையை எப்படிப் பிடித்துக்கொண்டு வருகிறார், எந்த இடத்தைத் தொட்டால் துடிக்கிறார், முழங்கையை எவ்வளவு நீட்ட முடிகிறது, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் படம் எடுக்கிறோம். மணிக்கட்டுப் படம் கேட்டு அனுப்பியிருப்பார்கள். வலி கட்டைவிரல் அடிப்பக்கம் இருக்கும். அப்போது அங்கே மணிக்கட்டில் இருக்கும் ஸ்கேபாய்டு என்ற சிறிய எலும்புக்கான கோணங்களைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்று தோன்றுவது படம் எடுப்பவருக்குத்தான். அந்த எலும்புக்கு ரத்தம் தொலைமுனை வழியாக உள்ளே போகிறது. நடுவில் முறிந்து கவனிக்காமல் விட்டால் மறுமுனை ரத்தமில்லாமல் பட்டுப்போகலாம். அதிலும் முதல் நாள் படத்தில் முறிவு தெரியாமலே போக வாய்ப்புண்டு. வலி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தவர், "படத்தில் முறிவு தெரியவில்லை, ஆனால் ஸ்கேபாய்டு மேல் வலி உள்ளது, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி பார்க்கவும், அல்லது எம்.ஆர்.ஐ. செய்யவும்" என்று எழுதினால் அது வெறும் "முறிவு இல்லை" என்பதைவிட எவ்வளவு பயனுள்ள ரிப்போர்ட்!

முழங்காலும் அப்படித்தான். அடிபட்ட முழங்காலின் பக்கவாட்டுப் படத்தை, நோயாளியைப் படுக்க வைத்துக் கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தி எடுத்தால்தான் மூட்டுக்குள் கசிந்த கொழுப்பு ரத்தத்தின் மேல் மிதந்து ஒரு நேர்கோடாகத் தெரியும். எலும்பில் விரிசல் கண்ணுக்குப் படாவிட்டாலும் உள்ளே முறிவு இருக்கிறது என்று அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். காலைத் திருப்பி வைத்துச் சாதாரணமாக எடுத்தால் கோடு இல்லை. வலிப்பு வந்தவரின் தோள்பட்டை பின்பக்கமாக விலகியிருந்தால் நேர்ப் படம் ஏறக்குறைய இயல்பாகவே தெரியும். இரண்டாவது கோணம் எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். எடுப்பதும் படிப்பதும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும்போது, எடுத்தவர் படிக்கவே கூடாது என்பது விசித்திரமாக இல்லையா?

குழந்தையின் முழங்கையைப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம்தான் பயிற்சி என்றால் என்ன என்பதற்கு நல்ல சாட்சி. குருத்தெலும்பாக இருக்கும் அந்த மூட்டில் ஆறு எலும்பு மையங்கள், அதாவது குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் புள்ளிகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. கேபிடெல்லம் ஏறக்குறைய 1 வயதில், ரேடியஸ் தலை 3இல், உள்பக்க எபிகாண்டைல் 5இல், ட்ராக்லியா 7இல், ஓலிக்ரேனான் 9இல், வெளிப்பக்க எபிகாண்டைல் 11இல். வயது முன்னப்பின்ன இருக்கலாம். வரிசை மாறுவது அபூர்வம். ஒரு குழந்தைக்கு ட்ராக்லியா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு தெரிகிறது, உள்பக்க எபிகாண்டைலைக் காணோம் என்றால், அது ட்ராக்லியா இல்லை. உள்பக்க எபிகாண்டைல் பிய்ந்து மூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய குழந்தை அது. வரிசை தெரியாதவர் "எல்லாம் இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார். இதைக் கற்றுக்கொள்ள எம்.பி.பி.எஸ். அவசியமா? வேண்டியது நல்ல ஆசிரியர், நூற்றுக்கணக்கான படங்கள், தவறும்போது சுட்டிக்காட்ட ஒருவர். இரவில் எங்களிடம் வந்து கேட்கும் அந்த இளம் டாக்டருக்கு இந்தப் பயிற்சி கிடைத்திருக்குமா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால் எல்லாப் படத்தையும் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்புப் படம் வேறு உலகம். நுரையீரல் உச்சிகள், இதயத்துக்குப் பின்னால், ஹைலம் (ரத்தக்குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் இடம்), உதரவிதானத்துக்குக் கீழே என்று ஒளிந்துகொள்ள இடங்கள் நிறைய. ஒவ்வொரு நிழலுக்கும் பத்து விளக்கங்கள் உண்டு. எது பொருந்தும் என்று சொல்ல நோயைப் பற்றிய பரந்த அறிவு வேண்டும். வயிற்று சி.டி.யில் புற்றுநோயின் நிலையைச் சொல்வது, சிகிச்சைக்குப் பின் கட்டி சுருங்கியதா என்று பழைய படத்தோடு ஒப்பிடுவது, இவையெல்லாம் உங்கள் வேலை. மருத்துவப் படிப்பும் அதற்கு மேல் பல வருட நிபுணத்துவப் பயிற்சியும் சும்மா வந்ததில்லை. பிரிட்டனில் மார்புப் படத்துக்கு ரிப்போர்ட் எழுதும் ரேடியோகிராபர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் தொடங்கும் இடம் அதுவாக இருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இதில் என் சக ஊழியர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

உங்கள் தரப்பில் நான் கேட்ட ஆட்சேபங்களில் இரண்டு கனமானவை.

முதலாவது, உங்கள் பயிற்சி மாணவர்களைப் பற்றியது. எளிய எலும்புப் படங்களை எல்லாம் ரேடியோகிராபர்கள் எடுத்துக்கொண்டால், நாளைய கதிரியக்க மருத்துவர் எதில் கைப்பழக்கம் பெறுவார்? சாதாரண எக்ஸ்ரே படிக்கத் தெரியாத தலைமுறை உருவாகிவிடாதா? இது நிஜமான கவலை. பதில் சொல்லாமல் நகர்ந்துவிடக் கூடாது. ஒவ்வொரு நாளும் வரும் படங்களில் ஒரு பங்கை மாணவர்களுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். நன்கு பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்யலாம். யாரிடம் கற்பது என்பதில் கௌரவப் பிரச்சினை வந்தால் அதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.

இரண்டாவது, தவறு நடந்தால் யார் தலையில் விழும்? ரேடியோகிராபர் எழுதுவார், வழக்கு வந்தால் துறைத் தலைவர் நிற்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். எழுதியவர்தான் நிற்க வேண்டும் என்பது என் பதில். ரிப்போர்ட் எழுதுகிறவரை, அந்த வேலையைத் திறமையாகச் செய்பவருக்குரிய அளவுகோலால்தான் அளக்க வேண்டும். "நான் வெறும் ரேடியோகிராபர்தானே" என்று ஒதுங்க இடம் இருக்கக் கூடாது. நிறுவனம் அதற்கான காப்பீட்டையும் எழுத்துபூர்வமான அதிகாரத்தையும் தர வேண்டும். சம்பளமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். இதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை.

மூன்றாவதாக ஒன்று, நீங்கள் வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருப்பது: இது மலிவான ஆட்களை வைத்து உங்களை ஓரங்கட்டும் நிர்வாகத்தின் தந்திரம். அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. நிர்வாகங்கள் கணக்குப் போடும் விதம் நமக்குத் தெரியாததா? பகல் முழுக்கப் படம் எடுத்துவிட்டு, மீதி நேரத்தில் ரிப்போர்ட்டும் எழுது என்று ரேடியோகிராபரைச் சொல்லும் மருத்துவமனை தோற்றுப்போகும், நோயாளியையும் தோற்கடிக்கும். ஆனால் அதற்கு எதிராக நிற்க வேண்டுமானால் நீங்கள் இந்த மாற்றத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே நின்று "கூடாது" என்றால், நிபந்தனைகளை நிர்வாகம்தான் எழுதும்.

நீங்களே எல்லாவற்றையும் படித்துவிட முடியும் என்றால் இந்த மடலுக்கே அவசியமில்லை. முடியவில்லை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் 2023ஆம் ஆண்டுக்கான தன் கணக்கெடுப்பில், தேவையோடு ஒப்பிட்டால் 30 சதவீதம் கதிரியக்க மருத்துவர்கள் குறைவு என்று சொன்னது. ரிப்போர்ட் எழுதும் ரேடியோகிராபர்கள் நிறைய இருக்கும் நாட்டின் நிலைமையே அது. ஆள் பற்றாக்குறையின் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு அங்கிருந்தே ஓர் உதாரணம். 2017இல் போர்ட்ஸ்மத் நகரின் ஒரு பெரிய மருத்துவமனையில் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் அமைப்பின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, 20,000க்கும் அதிகமான மார்புப் படங்களைக் கதிரியக்க மருத்துவரோ தகுந்த பயிற்சி பெற்ற வேறு எவருமோ படித்திருக்கவில்லை என்று தெரிந்தது. பயிற்சியும் துணையும் இல்லாத இளம் டாக்டர்களிடம் அவை விடப்பட்டிருந்தன. நுரையீரல் புற்றுநோய் உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப்படாமல் போனவர்கள் இருந்தார்கள். அதைத் தொடர்ந்து 2018இல் வந்த நாடளாவிய ஆய்வில், அவசரப் பிரிவுப் படத்துக்கு ஓரிடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் என்றும், இன்னோரிடத்தில் இரண்டு வேலை நாள் என்றும் இலக்கு வைத்திருப்பது தெரிந்தது. வெளிநோயாளிகளுக்கு 5 நாளிலிருந்து 21 நாள் வரை. படம் எடுத்தால் அதைப் படித்து முடிவைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்தும் இந்த நிலை. கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டுப் படத்தைப் படிக்காமல் விடுவது, எனக்குத் தெரிந்த வரையில், நம் துறையில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

அதனால் எங்கள் பக்கத்து நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறேன். வார இறுதிப் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ரிப்போர்ட் எழுத உட்கார நான் தயாரில்லை, யாரும் உட்காரக் கூடாது. பல்கலைக்கழக அளவிலான மேற்படிப்பு வேண்டும். அதில் நூற்றுக்கணக்கான படங்களுக்கு உங்கள் மேற்பார்வையில் ரிப்போர்ட் எழுதிப் பழக வேண்டும். கடைசியில், பதில் தெரிந்த படக் குவியலை வைத்து ஈவு இரக்கமில்லாத தேர்வு வேண்டும். எந்த உடல் பகுதி, எந்த வயது, எங்கிருந்து அனுப்பப்பட்ட நோயாளி என்ற எல்லையை எழுதி வைக்க வேண்டும். எல்லை தாண்டிய படம் வந்தால், அது எவ்வளவு சுலபமாகத் தெரிந்தாலும், உங்களிடம்தான் வர வேண்டும்.

அப்புறம் ஆடிட். நாங்கள் எழுதியதில் ஒரு பங்கை மாதாமாதம் ஒருவர் மறுபடி படித்து, எங்கே வேறுபாடு என்று எங்களிடம் சொல்ல வேண்டும். இதை உங்கள் ரிப்போர்ட்டுகளுக்கும் செய்தால் நல்லது என்று மெல்லச் சொல்லி வைக்கிறேன். ரிப்போர்ட் எழுதும் நேரத்தில் அந்த ரேடியோகிராபரைப் படம் எடுக்கக் கூப்பிடக் கூடாது. தொலைபேசி எடுக்கவும் வைக்கக் கூடாது. பாதிப் படத்தில் எழுந்து போய்த் திரும்பி வந்தால், முதல் முறிவைப் பார்த்த திருப்தியில் இரண்டாவதை விட்டுவிடுவோம். அது உங்களுக்கும் நடக்கிறதுதான்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்கப் பெயர் குறிப்பிட்ட ஒரு கதிரியக்க மருத்துவர் இருக்க வேண்டும். கூப்பிட்டால் சலித்துக்கொள்ளாதவராக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் ரேடியோகிராபர்கள் குறிப்பு எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். சந்தேகம் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், "தெரியாவிட்டால் ஏன் எழுதுகிறாய்?" சில மாதங்களில் குறிப்புகள் எல்லாம் "வெளிப்படையான முறிவு இல்லை" என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கின. அதற்குப் பிறகு அவற்றை யாரும் படிக்கவில்லை. திட்டமும் தானாக நின்றது. "எனக்குத் தெரியவில்லை, மூத்தவர் பார்க்கட்டும்" என்று எழுதுவதை இழுக்காக நினைக்காத துறையில்தான் இது வேர்பிடிக்கும்.

என் சக ரேடியோகிராபர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. எல்லோரும் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. நல்ல படம் எடுப்பது தனிக் கலை. அதை விட்டுப் போக விரும்பாதவர்களைப் பின்தங்கியவர்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது. பதவிப் பெயரும் தனி மேசையும் மட்டும் வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகு, எழுதிய படம் ஒன்று நடுராத்திரியில் நினைவுக்கு வந்து தூக்கத்தைக் கெடுக்கும் வேலை இது.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், இப்போது ஏன் இந்தச் சிரமம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எலும்பு முறிவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் நன்றாகவே வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மென்பொருள் பெட்டி போட்டுக் காட்டிய இடத்தில் இருப்பது முறிவா, ரத்தக்குழாய்த் தடமா, வளர்ச்சித் தட்டா என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். அது காட்டாத இடத்தையும் யாராவது பார்க்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் கையில் அந்தப் பெட்டி கிடைத்தால் அதையே வேதவாக்காக நம்புவார். ஆக அந்தக் கருவி வந்தாலும் படிக்கத் தெரிந்த கண்ணுக்குத் தேவை குறையப்போவதில்லை.

இப்போது உங்கள் சங்கங்களிடம் என் வேண்டுகோள். முழுத் திட்டத்தை ஒரே நாளில் ஏற்கச் சொல்லவில்லை. அவசரப் பிரிவிலிருந்து வரும் பெரியவர்களின் கை கால் எலும்புப் படங்கள், அவை மட்டும். அங்கிருந்து தொடங்குவோம். பயிற்சி முடித்த ரேடியோகிராபரும் நீங்களும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஆறு மாதம் ஒரே படங்களுக்கு ரிப்போர்ட் எழுதுவோம். வேறுபட்ட ஒவ்வொரு படத்தையும் மூன்றாவது ஒருவர் தீர்ப்புச் சொல்லட்டும். எங்கள் தவறுகளை, உங்கள் தவறுகளை, ரிப்போர்ட் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தை, எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் வெளியிடுவோம். எண்கள் எங்களுக்கு எதிராக வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆதரவாக வந்தால், அடுத்து எந்தப் படங்கள் என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம். எல்லை வகுக்கும் குழுவில் ரேடியோகிராபர்கள் பார்வையாளர்களாக இல்லாமல் உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்பது மட்டும் இப்போதே கேட்டுக்கொள்வது.

அதுவரைக்கும் ஒரு சின்ன மாற்றத்தை நாளைக்கே செய்யலாம். இதற்குக் குழுவோ தீர்மானமோ வேண்டாம். படம் பற்றி ரேடியோகிராபரிடம் வாய்மொழியாகக் கருத்துக் கேட்கும் டாக்டர், கேட்டதையும் கிடைத்த பதிலையும் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் கோப்பில் எழுதட்டும். முறையான ரிப்போர்ட் வந்ததும் அதன் ஒரு பிரதி அந்த ரேடியோகிராபருக்கும் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோகிராபர்